இடுப்பில் கட்டிய நாய்

எளாவூர் செக்போஸ்ட்டில் நின்ற ஏதோ ஒரு லாரியிலிருந்து இறங்கிய நாய், லாரி கிளம்பியபோது திரும்ப ஏறவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா, யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அதே இடத்தில் உட்கார்ந்து, வடக்கே போகும் ஒவ்வொரு லாரியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்த ஏஞ்சலுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. லாரியில் வந்த நாய் என்பதால் தெருவில் அதற்கு 'கிளீனர்' என்று பெயர் விழுந்தது. நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, இருபத்தாறு கிலோ. ராஜபாளையமும் நாட்டு நாயும் கலந்த ஜாதியாக இருக்கலாம் என்றார்கள்.

ஏஞ்சலின் கணவன் இம்மானுவேலுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் ரூமில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் அவன் உயரத்தில் வேலை செய்தவன். புதிதாகக் கட்டும் ஷெட்டுகளின் மேலேறி தகரம் போடுவது, இரும்புச் சட்டங்களை முடுக்குவது. நாற்பது அடி, ஐம்பது அடி எல்லாம் அவனுக்கு வீட்டு வாசல் மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஷெட்டின் மேல் நடந்துகொண்டிருந்தபோது காலுக்கடியில் ஃபைபர் ஷீட் உடைந்தது. சேஃப்டி பெல்ட்டின் கொக்கி மாட்டியிருந்ததால் தரைக்குப் போகவில்லை. ஆனால் ஆளைத் தூக்கி இறக்கும் மேன்லிஃப்ட் வண்டி வந்து இறக்கும்வரை நாற்பது நிமிஷம் அந்தரத்தில் தொங்கினான். கீழேயிருந்து ஃபோர்மேன் வெங்கடேசன் கத்திக்கொண்டே இருந்தார்: "இம்மானு, கால ஆட்டிக்கினே இரு! தூங்கிடாத! எதனா பேசு!" கீழே இறக்கியபோது ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "உனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே."

ஆனது என்னவென்று அவனால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. சொந்த வீட்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏற முடியவில்லை. அதைவிட மோசம் இடுப்பு. கூட்டமான பஸ்ஸில் யாராவது பையால் இடுப்பில் இடித்தாலோ, பெல்ட்டைப் பிடித்து இழுத்தாலோ மறுபடி அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவான். பேண்ட்டுக்குப் பெல்ட் போடுவதையே விட்டுவிட்டான். ஏஞ்சலுக்கு மட்டும் பாதி தெரியும். மீதியை அவன் சொல்லவில்லை.

கிளீனர் வந்து நான்கு மாதத்தில் வீட்டில் ஒரு செருப்பு மிஞ்சவில்லை. கட்டிப் போட்டால் சங்கிலியைக் கடித்துக்கொண்டு ஊளையிடும். அவிழ்த்தால் ஹைவேஸ் பக்கம் பாயும். ஒருநாள் காலையில் ஏஞ்சல் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு கூட்டிப்போனபோது, அது ஒரு பன்றியைப் பார்த்து இழுத்த இழுப்பில் அவள் குப்புற விழுந்தாள். மணிக்கட்டில் விரிசல். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்:

"யோவ், ஒண்ணு இத்த அடங்க வை, இல்லாங்காட்டி எங்கனா கொண்டும் போய் உடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு."

கொண்டுபோய் விட அவளுக்கே மனசில்லை என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த நாளே கிளீனரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்த டாக்டர் நந்தினி நாயின் பல்லைப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

"ரெண்டு வயசு இருக்கும். நோய் ஒண்ணுமில்ல. இது ஓடப் பொறந்த நாய். நீங்க கட்டிப் போட்டிருக்கீங்க, அதான்."

"அவுத்து உட்டா லாரியில அடிபட்டுப் பூடும் மேடம்."

"அவுத்து விடச் சொல்லல. கூடச் சேர்ந்து ஓடுங்க. கையில பிடிக்காதீங்க, கழுத்துலயும் கட்டாதீங்க. அதுக்கு நெஞ்சையும் முதுகையும் சுத்தி ஒரு வார்ப்பட்டை. உங்களுக்கு இடுப்புல அகலமான பெல்ட். நடுவுல ஆளு நீளத்துக்கு ஒரு கயிறு, அதுல கொஞ்சம் இழுத்தா நீளுற ரப்பர் இருக்கணும். அது முன்னால இழுத்துட்டு ஓடும், நீங்க பின்னால ஓடுவீங்க. நான் காலேஜ்ல படிக்கிறப்ப இப்படித்தான் ஓடுவேன்."

இடுப்பில் பெல்ட், கயிறு, இழுப்பு. இம்மானுவேலின் காதில் அதற்குமேல் ஒன்றும் சரியாக விழவில்லை. சாப்பிட்டவுடன் ஓட வைக்கக்கூடாது, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், தார் ரோட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். அவன் தலையை ஆட்டினான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஒரு மாதம் தள்ளிப் போட்டான். மழை என்றான், ஓவர்டைம் என்றான். பொங்கல் கழிந்ததும் ஏஞ்சல் விடவில்லை. கவரைப்பேட்டையில் வண்டிக்கு சீட் கவர் தைக்கும் ரஃபியின் கடைக்கு அவளே நாயையும் அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். ரஃபி பழவேற்காட்டுக்காரன், கைத்தொழிலில் சுத்தமானவன். கதையைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாண்ணா, லாரிக்குத் தெச்சிருக்கேன், ஷேர் ஆட்டோவுக்குத் தெச்சிருக்கேன், நாய்க்கு சீட் பெல்ட்டு இப்பத்தான் தெக்கப் போறேன்!"

சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பழைய காரின் சீட் பெல்ட் பட்டையை வெட்டி நாயின் நெஞ்சுக்கும் முதுகுக்கும் அளவெடுத்துத் தைத்தான். உள்பக்கம் ஸ்பாஞ்ச், முதுகில் கையால் தூக்க ஒரு பிடி. இம்மானுவேலுக்கு நான்கு விரல் அகலத்தில் பெல்ட். கயிற்றில் பெல்ட் பக்கத்து முனைக்குப் பைக் டியூபை வெட்டி மடித்து ரப்பர் வைத்தான். கடைசியாக ஒரு கொக்கியைக் காட்டினான்.

"இத்தப் பாருண்ணா. ஆபத்துன்னா இந்த வளையத்த ஒரே இழுப்பு. கழண்டுக்கும். நீ தனி, அது தனி."

அந்தக் கொக்கியைத்தான் இம்மானுவேல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வரும்வரை ஐம்பது தடவை இழுத்துப் பார்த்திருப்பான். ஐம்பது தடவையும் கழன்றது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் ஏரிக்குப் போகும் மண் ரோட்டில் பெல்ட்டைக் கட்டினான். பக்கிள் மூன்று முறை நழுவியது. கொக்கியை மாட்டியதும் கிளீனர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு பாய்ந்தது.

இடுப்பில் அந்த இழுப்பு விழுந்தபோது அவனுக்குக் காலுக்கடியில் மண் இல்லை. உடைந்த ஷீட்டின் ஓட்டைதான் இருந்தது. "ஐயோ!" என்று அவன் போட்ட சத்தம் டீக்கடைவரை கேட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நாயும் பயந்துபோய் நின்றது. அவன் வளையத்தை இழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நல்லவேளை, கிளீனர் ஓடிப்போகவில்லை. பக்கத்தில் வந்து அவன் காதை முகர்ந்தது.

டீக்கடையில் இருந்து அதே தெருக்காரன் ஜெயராஜ் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, நாய நீ மேய்க்கிறியா, நாய் உன்ன மேய்க்குதா?" எல்லோரும் சிரித்தார்கள். அது அவனுக்கு உறைக்கக்கூட இல்லை.

அன்று மத்தியானம் ஏஞ்சலிடம் முதல்முறையாக மீதியையும் சொன்னான். பஸ்ஸில் இடுப்பில் இடித்தால் என்ன ஆகிறது, பேண்ட்டுக்குப் பெல்ட் ஏன் போடுவதில்லை, எல்லாம். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்தினி நாளு ஏன்யா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? ஒண்ணும்தான் ஆவலியே."

"சரி, ஓட வாணாம். கட்டிக்கினு சும்மா நில்லு. நான் வரேன், நானும் நிக்கிறேன்."

அப்படித்தான் ஆரம்பமானது. ஐந்து நிமிஷம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஏஞ்சல் முன்னால் நின்று நல்ல கையால் நாயின் பட்டையைப் பிடித்துக்கொள்வாள். அவளே கயிற்றை மெதுவாக இழுப்பாள், "வரட்டா? இழுக்கட்டா?" என்று சொல்லிவிட்டுத்தான் இழுப்பாள். ஒரு வாரம் நின்றார்கள். அடுத்த வாரம் நடந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை ஓட்டம். ஒவ்வொரு முறையும் முதல் இழுப்பில் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் கயிறு ஒரே சீராக நின்றது, வெட்டி இழுக்கவில்லை. அவன் தயங்கி நின்றால்தான் வெட்டியது. இதை அவன் கால்கள் முதலில் கண்டுபிடித்தன.

பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கறிக்கடைப் பக்கம் ஏழெட்டுத் தெருநாய்கள் சுற்றி வளைக்கும்போது பயம். சர்வீஸ் ரோட்டில் டிரெயிலர் உரசிக்கொண்டு போகும்போது பயம். வலது கை எப்போதும் அந்த வளையத்தின் மேலேயே இருக்கும். கையை வீசி ஓடாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினான். ஜெயராஜ் அதையும் செய்து காட்டிச் சிரிக்க வைத்தான். ஆனாலும் மார்ச் மாதம் வந்தபோது இரண்டு கிலோமீட்டர் ஓடினார்கள். கிளீனர் செருப்பைக் கடிப்பதை விட்டுவிட்டது. ஓடிவிட்டு வந்து தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு மத்தியானம்வரை செத்த மாதிரி தூங்கியது.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஏஞ்சலுக்குக் காலை ஷிஃப்ட், அவன் மட்டும் வந்திருந்தான். ஹைவேஸை ஒட்டிய மனைப் பிரிவு வழியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்பு வயலாக இருந்த இடம். இப்போது வரிசையாக மனைக்கல் நட்டு, வீடு எதுவும் வராமல் வேலிக்காத்தான் புதர் மண்டிக் கிடந்தது.

ஹைவேஸில் ஒரு லாரியின் டயர் வெடித்தது.

வெடிகுண்டு போட்ட மாதிரி சத்தம். கிளீனருக்குப் புத்தி கலங்கிவிட்டது. பாதையை விட்டுக் குறுக்கே புதருக்குள் பாய்ந்தது. இம்மானுவேல் "நில்லு! நில்லு!" என்று கத்திக்கொண்டே பின்னால் இழுபட்டான். முள் கிழித்தது, முகத்தில் அடித்தது. ஒரு வேரில் கால் இடறிக் குப்புற விழுந்தான். அதே நொடியில் முன்னால் நாயைக் காணவில்லை. இடுப்பு வெட்டி இழுத்தது.

அங்கே ஒரு பழைய பாசனக் கிணறு. சுற்றுச்சுவர் இடிந்து, புதர் மூடி, ஊர்க்காரர்களே மறந்துபோன கிணறு. கிளீனர் அதற்குள் தொங்கியது.

அவன் குப்புறக் கிடந்தபடி அங்குலம் அங்குலமாகக் கிணற்றை நோக்கி இழுபட்டான். இடது கையால் பக்கத்திலிருந்த ஒரு மனைக்கல்லை வளைத்துப் பிடித்தான். இழுபடுவது நின்றது. விளிம்பு தலைக்கு முன்னால் ஒரு கஜ தூரத்தில் இருந்தது. இடிந்த மண் உள்ளே விழுந்தது. விழுந்து, வெகுநேரம் போல் தோன்றியபின், 'பொளக்' என்று தண்ணீரில் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில் அவனுக்கு எல்லாம் போய்விட்டது. நாய் போனது, ஏஞ்சல் போனாள், தான் யார் என்பதே போய்விட்டது. கை தானாக வளையத்துக்குப் போனது. இழுத்தான்.

கழலவில்லை.

மறுபடி இழுத்தான். விழுந்து இழுபட்டதில் சட்டையின் ஓரம் கொக்கிக்குள் புகுந்து இறுகிப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் இழுத்தான். விரலில் தோல் உரிந்ததுதான் மிச்சம். உதவிக்குக் கத்தினான். ஹைவேஸில் லாரிக்காரர்கள் வெடித்த டயரைச் சுற்றி நின்று பேசும் குரல் கேட்டது, அவன் குரல் அங்கே போகவில்லை.

கீழே கிளீனர் முதலில் கத்திக்கொண்டிருந்தது. பிறகு கல்லில் நகம் பிராண்டும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கயிறு அசையாமல் கனத்தது.

அந்த அமைதி அவனுக்குத் தெரிந்த அமைதி. தொங்குகிறவனுக்கு ஒரு கட்டத்தில் கத்தத் தோன்றாது. தூக்கம் வரும்.

"டேய் கிளீனர்! கால ஆட்டுடா! தூங்காத!" என்று கத்தினான். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினான். ஏஞ்சல் வந்து கேட்பாள் என்றான், மீன் தலை வாங்கித் தருகிறேன் என்றான், ஏசுவே ஏசுவே என்றான். பேசப் பேச, கைகள் ஞாபகத்துக்கு வந்தன. பதினான்கு வருஷம் பாரத்தைக் கயிற்றில் ஏற்றி இறக்கிய கைகள். தூணைச் சுற்றி ஒரு சுற்று போட்டுவிட்டால் பாரம் தூணுக்குப் போய்விடும், ஆளுக்கு இல்லை.

மனைக்கல்லைச் சுற்றி ஊர்ந்தான். கல்லில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, அரை அடி, அரை அடியாக. கயிறு கல்லில் வளைந்தது. முழுச் சுற்று வந்ததும் இடுப்பில் இருந்த கனம் சட்டென்று குறைந்தது. இப்போது கொக்கி தளர்ந்திருந்தது. சட்டையைக் கிழித்து எடுத்தான், வளையத்தை இழுத்தான், கழன்றது. முனையை விடாமல் கல்லிலேயே இறுக்கிக் கட்டினான். கண்ணை மூடிக்கொண்டும் போடக்கூடிய முடிச்சு அது.

இப்போது அவனை எதுவும் கட்டியிருக்கவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம். விளிம்புக்குப் போக வேண்டியிருந்தது.

வயிற்றால் ஊர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். விளிம்பில் கையைத் தொங்கவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தான். விரலில் ஈரமான மூக்கு பட்டது. முதுகில் இருக்கும் பிடியைத் தேடினான், கிடைக்கவில்லை. கண்ணைத் திறக்காமல் கிடைக்காது.

திறந்தான். கிளீனரின் கண்களைப் பார்த்தான். அதற்குக் கீழே கருங்கல் சுவர், இன்னும் கீழே இருபத்தைந்து அடியில் கறுப்பாய்த் தண்ணீர், அதில் துண்டு வானம். உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாந்தி வந்தது, விளிம்பிலேயே எடுத்தான். பிடியை மட்டும் விடவில்லை. ஒரு கையால் பிடி, மறு கையால் நெஞ்சுப் பட்டை, கால் விரல்களை மண்ணில் புதைத்து, பின்னாலேயே இழுத்தான். நாய் முன்னங்காலை விளிம்பில் ஊன்றியது. ஒரு எம்பு எம்பி அவன் தலைமேலேயே விழுந்தது.

வெகுநேரம் இருவரும் அந்த முள்ளுக்குள்ளேயே கிடந்தார்கள். நாய் அவன் மேலேயே மூத்திரம் போனது. அவன் நகர்ந்துகொள்ளவில்லை.

வேலை முடிந்து வந்த ஏஞ்சல் இருவர் கோலத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கிணற்றில் விழுந்தது, தூக்கியது எல்லாம் சொன்னான். தெருவே வந்து கேட்டுப் போனது. ஜெயராஜ்கூட கிளீனருக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தான். "கெத்து நைனா நீ," என்றான். அந்த வார்த்தை இம்மானுவேலுக்கு முள்ளை விட அதிகமாகக் குத்தியது. வளையத்தை இழுத்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு நாள் தாங்கினான். ஒன்பதாம் நாள், ஏஞ்சல் அடிகுழாயடியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னான்.

"நான் கழட்டி உடத்தான் பாத்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"கிணத்தாண்ட. மூணு வாட்டி இழுத்தேன். சட்டை மாட்டிக்கிச்சு. மாட்டலன்னா அது செத்திருக்கும். நான் உட்டுட்டு வந்திருப்பேன்."

ஏஞ்சல் நாயின் தலையிலிருந்த சோப்பு நுரையைக் கையால் வழித்துவிட்டாள். பிறகு, "மொதல்ல உன் உசுரப் பாத்துக்கினே. எனக்கு அதான் வோணும்," என்றாள். "அப்பால கழண்டுச்சே, அப்ப ஏன்யா ஓடி வரல?"

"தெரியல."

"தெரியலன்னா உடு. தண்ணி ஊத்து."

அவன் ஊற்றினான். அன்றைக்கு நாஷ்டாவுக்கு இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டான்.

கிணற்றை அவன் சும்மா விட்டுவிடவில்லை. மனைக்காரர் யாரென்று விசாரித்து, பஞ்சாயத்து ஆபீசுக்கு நான்கு முறை நடந்து, கடைசியில் கம்பி வலை போட வைத்தான். வலை போட வந்தவர்களுக்கு இடத்தைக் காட்ட அவனே போனான். விளிம்புவரை போகவில்லை, பத்தடி தள்ளி நின்று கையைக் காட்டினான்.

ஓட்டம் மட்டும் நின்றுபோயிருந்தது. இந்த முறை பயம் நாய்க்கு. ரஃபி தைத்த பட்டையை எடுத்தாலே கிளீனர் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. பிஸ்கட் வைத்தாலும் வரவில்லை. டாக்டர் நந்தினிக்குப் போன் செய்தான்.

"வற்புறுத்தாதீங்க. பட்டைய அது படுக்குற இடத்துல போட்டு வைங்க. அது மேலயே தூங்கட்டும். எத்தன நாள் ஆனாலும் சரி."

"ஓடாமயே பூட்டா மேடம்?"

"போனா நடங்க."

பட்டையைக் கண்டு பயப்படுவது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டையைப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்றார்கள். நாய் நடுங்கியது, அவனும் நடுங்கினான். கயிற்றைத் தானே கையில் பிடித்து மெதுவாக இழுத்தான், இழுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "இழுக்கட்டாடா?" என்று கேட்டான். ரஃபி அந்தக் கொக்கியை மாற்றி, சட்டைத் துணி புகாத மாதிரி தோல் மூடி வைத்துக் கொடுத்தான். மே மாத வெயிலில் நான்கரை மணிக்கே எழுந்தார்கள். ஜூன் பாதியில் ஒருநாள், நடந்துகொண்டிருந்த கிளீனர் தானாகவே வேகத்தைக் கூட்டியது. அவனும் கூடவே காலை எட்டிப் போட்டான்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறார்கள். மனைப் பிரிவுப் பக்கம் போவதில்லை. ஏஞ்சல் பழைய சைக்கிள் ஒன்றில் பின்னால் வருகிறாள். அவன் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் வேலை செய்கிறான், மேலே ஏறச் சொல்லி யாராவது கேட்டால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால் ஏரிவரை ஓடினார்கள். தூரத்தில் ஏதோ கம்பெனியில் சங்கு ஊதியது. கிளீனர் நின்று காதைத் தூக்கிற்று, அவனும் நின்றான்.

"இன்னா ஆச்சு?" என்றாள் ஏஞ்சல், பிரேக்கைப் பிடித்து.

"ஒண்ணுமில்ல. பயந்துக்கிச்சு."

"அதுவா, நீயா?"

"ரெண்டு பேரும்தான்," என்றான். சங்கு ஓயும்வரை மூவரும் நின்றார்கள். ஓய்ந்ததும் ஓடினார்கள்.